நாய்த்தீனி வாங்கப் போகிறீர்களா? வடசென்னையில் புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு கடைக்குப் போய், "அண்ணே, நாய்க்கு எது நல்ல தீனி?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "இதான் நல்லா போவுது, எடுத்துக்கங்க" என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடையில் அது நன்றாக விற்கிறது. உங்கள் நாய்க்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. நாயின் வயது என்ன, எடை என்ன என்று நீங்கள் சொல்லாதபோது அவரால் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

நம் பக்கம் நாய் வளர்ப்பது புதிதில்லை. பால் சோறு, காசிமேட்டு மீன் தலை, கறிக்கடையில் வாங்கிய கோழிக் கால், டீக்கடைப் பொறை என்று வளர்ந்த நாய்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பாக்கெட் தீனிதான் புதிது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிற நிலையில் தினமும் நாய்க்குத் தனியாகச் சமைப்பது கஷ்டம். சமைத்தாலும் கால்சியம், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் சரியான அளவில் சேருவது இன்னும் கஷ்டம். அதனால் பாக்கெட் தீனிக்கு மாறுவதில் தப்பே இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர விலையில், நாயின் வயதுக்கேற்ற, முழுமையான உணவு என்று எழுதியிருக்கிற, பிரிக்காத பையில் வந்த தீனியை அளந்து போட்டால் போதும். விலை அதிகமான தீனியை உதிரியாக வாங்கி, ஈரமான மூலையில் வைத்து, கை போன போக்கில் அள்ளிப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைக்குப் போகுமுன்

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாயின் வயது, இப்போதைய எடை, வளர்ந்தபின் எவ்வளவு எடை வரும் என்பது. எடை பார்க்க மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொண்டால் சரி.

சின்ன, நடுத்தர நாய்கள் ஏறக்குறைய ஒரு வயதுவரை குட்டிக் கணக்கு. லாப்ரடார், ராட்வைலர், ராஜபாளையம் மாதிரி பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடிய 15, 18 மாதம்கூட ஆகும். அதுவரை குட்டிகளுக்கான தீனிதான் தர வேண்டும்.

பெரிய இனக் குட்டி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குட்டி வாங்கிய மறுநாளே கால்சியம் டானிக் பாட்டிலும் வாங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. "எலும்பு பலமாகட்டும்" என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் சில மாதக் குட்டியின் குடலுக்கு, தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் குறைவு. உள்ளே போவதில் பெரும்பகுதி உடம்பில் சேர்ந்துவிடும். வேகமாக வளரும் பெரிய இனங்களில் இது எலும்பும் மூட்டும் கோணலாக வளரக் காரணமாகிறது. முழுமையான குட்டித் தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் மேலே டானிக் ஊற்றாதீர்கள். வளர்ந்தபின் சுமார் 32 கிலோவைத் தாண்டும் நாய் என்றால், பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று தெளிவாக எழுதிய தீனியையே எடுங்கள். அவற்றில் கால்சியத்தின் மேல்வரம்பு இன்னும் இறுக்கமானது.

பையைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் பளபளக்கிற நாய் படத்தையும் 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களையும் விட்டுவிடலாம். அந்தச் சொற்களுக்குச் சத்துக் கணக்கில் எந்த வரையறையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தில்தான் வேலை இருக்கிறது.

முதலில் தேட வேண்டியது, 'முழுமையான, சமச்சீரான உணவு' (complete and balanced) என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வரும் ஒரு வரி. கூடவே, அது குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயதுக்குமா என்றும் இருக்கும். இந்த வரி இல்லாத கிரேவி பாக்கெட்டுகள் பல, துணை உணவாக மட்டுமே தயாரானவை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம், அதையே சோறாக்க முடியாது.

அந்த வரியோடு 'ஆஃப்கோ' (AAFCO) என்ற பெயரைப் பார்ப்பீர்கள். அமெரிக்காவில் கால்நடைத் தீவன விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளின் சங்கம் அது. நாய்க்கு எந்தச் சத்து குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று பட்டியல் வெளியிடுகிறது. ஐரோப்பாவில் 'ஃபெடியாஃப்' அதே வேலையைச் செய்கிறது. ஆஃப்கோ எந்தத் தீனியையும் பரிசோதிப்பதும் இல்லை, சான்றிதழ் தருவதும் இல்லை. ஆகவே 'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று கடைக்காரரோ விளம்பரமோ சொன்னால் நம்ப வேண்டாம். 'ஆஃப்கோ பட்டியலின்படி தயாரித்தது' என்றால் அது அர்த்தமுள்ள பேச்சு.

அடுத்தது சத்து அட்டவணை. புரதமும் கொழுப்பும் 'குறைந்தபட்சம்' என்றும், நார்ச்சத்தும் ஈரப்பதமும் 'அதிகபட்சம்' என்றும் இருக்கும். ஆஃப்கோ கணக்குப்படி வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 5.5 சதவீதமாவது வேண்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5, 8.5. இதெல்லாம் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான். கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம், உலர் தீனியில் 24 சதவீதம் என்று பார்த்ததும் உலர் தீனிதான் உசத்தி என்று தோன்றும். கிரேவியில் 82 சதவீதம் தண்ணீர் என்றால் மிச்சமிருப்பது 18. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 44 சதவீதம். உலர் தீனியில் ஈரம் 10 போக மிச்சம் 90. இருபத்துநான்கைத் தொண்ணூறால் வகுத்தால் 27 கூட வராது. கிரேவியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், அது வேறு விஷயம்.

உட்பொருள் பட்டியல்

எடையில் அதிகமானது முதலில் வரும். ஆனால் கலக்கும்போது இருந்த எடை அது. 'கோழி இறைச்சி' முதலிடத்தில் இருந்தாலும் பச்சை இறைச்சியில் முக்கால்வாசி தண்ணீர்தான். வேகவைத்து உலர்த்தியபின் அது பல இடம் கீழே இறங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே ஈரம் நீக்கிய பொடி. பெயர் கேட்க நன்றாக இல்லையே தவிர, எடைக்கு எடை புரதம் அதில்தான் அதிகம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சோளம், சோள மாவு, சோளப் புரதம் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே போய், இறைச்சி மேலே நிற்கும். மூன்றையும் மனத்துக்குள் கூட்டிப் பாருங்கள்.

'பை-ப்ராடக்ட்' என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் இவற்றுக்கெல்லாம் வெளிநாட்டில் வைத்த பொதுப்பெயர் அது. சுவரொட்டியையும் ஈரலையும் போட்டியையும் காசு கொடுத்து வாங்கி, மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுகிற ஊர் இது. நமக்கு அந்தப் பயம் எதற்கு? எந்த விலங்கின் உறுப்பு என்று சொல்லாமல் வெறுமனே 'இறைச்சிப் பொருட்கள்' என்று மழுப்பினால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இறைச்சி சேரக்கூடும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு அது சரிப்படாது.

அரிசியும் சோளமும் இருப்பது குற்றமில்லை. வெந்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரிக்கும். தானியமே இல்லாத தீனி என்று கூடுதல் விலைக்கு விற்பவற்றில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு நிறைய இருக்கும். அப்படிப்பட்ட தீனிகளுக்கும் நாய்களின் இதயத்தசை தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. அந்தத் தொடர்பு உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் மருத்துவக் காரணம் இல்லாமல் அதற்குக் காசைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. பெடிகிரி, ராயல் கேனின் இரண்டுமே மார்ஸ் குழுமத்துடையவை. ப்யூரினா நெஸ்லேயுடையது. பெரிய பெயர் என்பது மட்டும் தகுதியாகிவிடாது, சின்னப் பெயர் என்பது குறையும் ஆகாது. பையில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். தீனியை வடிவமைத்தவர் விலங்கு ஊட்டச்சத்து படித்தவரா, சொந்தத் தொழிற்சாலையில் தயாராகிறதா, 100 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி, இந்த மூன்றைக் கேட்டால் போதும். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கமும் ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான் கேட்கச் சொல்கிறது. பதில் சொல்லத் தெரியாத கம்பெனியின் தீனியை நான் வாங்க மாட்டேன்.

உதிரித் தீனி வேண்டவே வேண்டாம்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகளைச் சுற்றியும், பெரம்பூர், மூலக்கடை, வண்ணாரப்பேட்டைப் பக்கமும் நாய்த்தீனிக் கடைகள் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் சரி, 20 கிலோ மூட்டையைப் பிரித்து கிலோ கணக்கில் அளந்து தருகிற உதிரித் தீனியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான்.

காரணம் நம் ஊரின் காற்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும். உலர் தீனியின் மேல் எண்ணெய் தெளித்திருப்பார்கள், அந்த மணத்துக்காகத்தான் நாய் சாப்பிடுகிறது. பை திறந்த நிமிடத்திலிருந்து அந்த எண்ணெய் காற்றில் சிக்கு பிடிக்கத் தொடங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். சோளம், வேர்க்கடலை போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. நாயின் ஈரலை அது தாக்கும், வேகவைத்தாலும் முழுதாக அழியாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த தீனியைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். அதைத் தின்று 110 நாய்களுக்கு மேல் இறந்ததாக அடுத்த மாதத்துக்குள் தகவல் வந்தது. அங்கே பையில் அச்சிட்ட தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) வைத்துத்தான் எந்தப் பைகள் என்று கண்டுபிடித்தார்கள். பாலித்தீன் கவரில் கட்டித் தந்த உதிரிக்குத் தொகுதி எண்ணும் கிடையாது, தேதியும் கிடையாது.

திறந்த மூட்டையில் எலியும் வரும். எலி மூத்திரத்தின் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். மழைக்குத் தண்ணீர் தேங்குகிற வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பை வாங்கும்போது தயாரித்த தேதி, தொகுதி எண், ஓரத் தையல் மூன்றையும் பாருங்கள். கத்திரி வெயிலில் கடை வாசலில் அடுக்கியிருக்கும் பையை எடுக்காமல் உள்ளிருந்து கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே வாங்குங்கள். சின்ன நாய்க்கு 10 கிலோ பை எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் தீனியை டப்பாவில் கொட்டாதீர்கள். பையோடு சேர்த்து இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வைத்துவிடுங்கள். டிரம்மின் சுவரில் படிந்த பழைய எண்ணெய் புதுத் தீனியையும் கெடுக்கும் என்பது ஒரு காரணம், தேதியும் எண்ணும் பையில்தான் இருக்கின்றன என்பது இன்னொன்று. உலர் தீனியை ஃபிரிட்ஜில் வைப்பது வீண். வெளியே எடுக்கும்போது ஈரம் கோக்கும். கட்டி தட்டினாலோ, பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ தயங்காமல் குப்பையில் போடுங்கள், தெரு நாய்க்கும் வைக்காதீர்கள்.

எவ்வளவு போடுவது

பையில் எழுதிய அளவு பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். உங்கள் நாய்க்கு நீங்களே கணக்குப் போடலாம். செல்போன் கால்குலேட்டர் போதும்.

15 கிலோ நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 × 15 × 15 என்று மூன்று முறை பெருக்கினால் 3375. அதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 7.62. அதை 70-ஆல் பெருக்கினால் 533. சும்மா படுத்திருக்க அந்த உடம்புக்குத் தேவைப்படும் கிலோகலோரி இது. கருத்தடை செய்த வளர்ந்த நாய் என்றால் 1.6-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 854. கருத்தடை செய்யாதது என்றால் 1.8. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3, அதற்கு மேல் வளர்கிற குட்டிக்கு 2.

பையில் கிலோகலோரி இல்லையென்றால் அதையும் எடுத்துவிடலாம். புரதம் 22, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 54. நூறில் மிச்சம் 46 மாவுச்சத்து. புரதத்தையும் மாவையும் 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு 323 கிலோகலோரி. அப்படியானால் நம் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 265 கிராம். காலையும் மாலையும் பாதிப் பாதி. டம்ளரில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

இதே கணக்கில் விலையும் தெளிவாகும். அந்தத் தீனி கிலோ 250 ரூபாய் என்றால் நாளுக்கு 66 ரூபாய். பக்கத்தில் கிலோ 330 ரூபாய்த் தீனி, ஆனால் 100 கிராமில் 400 கிலோகலோரி. அதில் 214 கிராம் போதும், நாளுக்கு 71 ரூபாய். கிலோவில் 80 ரூபாய் வித்தியாசம் தெரிந்தது, நாளுக்கு வெறும் ஐந்து ரூபாய்தான்.

இது ஆரம்ப அளவு மட்டுமே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். விரித்த கையின் பின்பக்கத்தைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி விலா தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். மடக்கிய முஷ்டியின் முட்டி மாதிரி துருத்தினால் கூட்டுங்கள்.

பொறை, பிஸ்கட், அப்பா ஊட்டிவிடும் இட்லி எல்லாம் கணக்கில் சேரும். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அவை அடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் அந்தக் கணக்கிலேயே வராது. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எண்ணெய் கணையத்தைப் புண்ணாக்கும், வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும், பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையும்கூட நாய்க்கு நஞ்சுதான். ஆசைக்கு ஏதாவது தர வேண்டுமென்றால் உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்த மீன் கொஞ்சம் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

பழைய சாப்பாட்டிலிருந்து மாறுவது

ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், உடனே "இந்தத் தீனி ஒத்துக்கல" என்று பையைத் தூக்கிப் போடுவார்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுசு. வயிறு மென்மையான நாய்க்கு இதையே பத்துப் பன்னிரண்டு நாளாக நீட்டலாம். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். சோறு சாப்பிட்டுப் பழகிய நாய் உலர் தீனிக்கு மாறினால் முன்பைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும். பயப்பட வேண்டாம்.

மலம் கெட்டியாக, அள்ளினால் தரையில் ஒட்டாமல் வந்தால் தீனி செரிக்கிறது என்று பொருள். மூன்று, நான்கு வாரம் ஆகியும் இளகலாகவே போனாலோ, காது, பாதம் எல்லாம் சொறிந்துகொண்டே இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகவே மாற்றி மாற்றி நாலு பிராண்டு வாங்குவதால் பயனில்லை. குட்டி வாந்தி எடுத்து, ரத்தமாகப் போய், சோர்ந்து படுத்தால் மட்டும் தீனி மாற்றம் என்று நினைத்து ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். சிறுநீரகம், ஈரல் நோய்களுக்கென்று வரும் மருத்துவத் தீனியையும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில்தான் இருக்கின்றன. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது பையின் பின்பக்கத்தைத் தொகுதி எண்ணோடு சேர்த்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிராம், அதற்கு மேல் வீட்டில் யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.